மூச்சைத் திறக்கும் மருந்தும் மூச்சைக் காக்கும் மருந்தும்

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருந்தைப் பற்றிப் பேச மருத்துவர்கள் இருக்கும்போது போதகர் ஏன் எழுந்து நிற்கிறார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. காலையில் மருத்துவர் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனபின் நாங்கள் படுக்கை படுக்கையாகப் போகிறோம். மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளை மக்கள் எங்களிடம் கேட்கிறார்கள். இழுப்பு நோயோடு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஐயா, ரெண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்காங்க. ரெண்டும் வாங்கக் காசு இல்ல. எது முக்கியம்?"

அவர்களாகவே பதிலும் வைத்திருக்கிறார்கள். ஒன்றை இழுத்தால் ஐந்து நிமிடத்தில் நெஞ்சு திறக்கிறது. மற்றதை இழுத்தால் ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். இந்தக் கணக்கு தவறு. அது ஏன் தவறு என்று எங்கள் மருத்துவர்கள் பொறுமையாக எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை இன்று உங்கள்முன் வைக்கிறோம். உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ, சபையிலோ இழுப்பு உள்ள ஒருவராவது இருப்பார். அவருக்காகக் கேளுங்கள்.

நோய் எங்கே இருக்கிறது?

ஆஸ்துமா என்பது கிரேக்கச் சொல். வேத பாடசாலையில் கிரேக்கம் படித்தவர்களுக்குத் தெரியும். மூச்சு வாங்குதல், திணறுதல் என்று அதற்குப் பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகமெங்கும் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அந்த ஓர் ஆண்டில் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இதனால் இறந்தார்கள். இந்த மரணங்களில் பெரும்பாலானவை நடப்பது வருமானம் குறைந்த நாடுகளில். அங்கே பலருக்கு நோய் இன்னதென்று கண்டுபிடிக்கப்படுவதில்லை. கண்டுபிடித்தாலும் சரியான மருந்து கிடைப்பதில்லை.

நம்முடைய நுரையீரலுக்குள் மூச்சுக்குழாய் மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து போகிறது. அதன் சுவரைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. இழுப்பு வரும்போது அங்கே மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, அந்தத் தசை இறுகிக் குழாயை நெரிக்கிறது. இரண்டாவது, உட்சுவர் சிவந்து வீங்குகிறது. இதை மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள். மூன்றாவது, கெட்டியான கோழை சுரந்து, மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கிறது.

இதில் தசை இறுகுவது சில நிமிடங்களில் வரும், போகும். வீக்கமோ அப்படியல்ல. இழுப்பு இல்லாத நாளிலும், நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நாளிலும், அது உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது. வீங்கிய குழாய்தான் தூசிக்கும் புகைக்கும் பனிக்கும் சட்டென்று இறுகிக்கொள்கிறது. ஆஸ்துமா மருந்துகள் எல்லாவற்றையும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். தசையைத் தளர்த்தும் மருந்துகள் ஒரு கூட்டம். வீக்கத்தை ஆற்றும் மருந்துகள் மற்றொரு கூட்டம்.

தசையைத் தளர்த்தும் மருந்துகள்

இந்தக் கூட்டத்தின் மூதாதை அட்ரினலின். பயத்திலும் ஓட்டத்திலும் நம் உடலே சுரக்கும் பொருள் அது. ஜப்பானைச் சேர்ந்த தகாமினே என்ற வேதியியலாளர் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்து 1901இல் வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே இழுப்புக்கு அதை ஊசியாகப் போடத் தொடங்கினார்கள். மூச்சு திறந்தது, ஆனால் இதயமும் தறிகெட்டு அடித்தது. மூச்சுக்குழாயை மட்டும் திறந்து இதயத்தை விட்டுவிடும் மருந்தைத் தேடிப் பல ஆண்டுகள் போயின. இங்கிலாந்தில் டேவிட் ஜாக் என்பவரின் குழு கண்டுபிடித்த சால்புட்டமால் 1969இல் விற்பனைக்கு வந்தது. மூச்சுக்குழாய்த் தசையில் 'பீட்டா-2' என்ற ஏற்பிகள் உண்டு. ஏற்பி என்பது பூட்டு மாதிரி. சால்புட்டமால் அதற்குப் பொருந்தும் சாவி. பொருந்தியதும் தசை தளர்கிறது. சில நிமிடங்களில் சுகம் தெரியும். நாலு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். இதை நிவாரணி என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் நீல நிற இன்ஹேலரில் வருவது இதுதான். ஆனாலும் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பாமல் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள்.

"இன்ஹேலர் ரொம்ப ஸ்ட்ராங், மாத்திரையே போதும்" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். கணக்கைப் பாருங்கள். சால்புட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் நாற்பது அழுத்தலின் மருந்து இருக்கிறது. அது வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடலெல்லாம் சுற்றி, கடைசியில் கொஞ்சம் நுரையீரலுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் அதிகம்.

தசையைத் தளர்த்த இன்னொரு வழியும் உண்டு. மூளையிலிருந்து இறங்கும் ஒரு நரம்பு மூச்சுக்குழாயை இறுகச் சொல்லிக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையைத் தடுப்பது இரண்டாவது வகை மருந்து. இதற்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. ஊமத்தையைப் புகைத்தால் இழுப்பு தணியும் என்பது இந்தியாவில் பழைய வழக்கம். சென்னையில் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை அறிந்து, ஜெனரல் ஜென்ட் என்ற இராணுவ அதிகாரிக்குச் சொன்னார். அவர் வழியாக 1802இல் அது பிரிட்டனுக்குப் போய், நூறாண்டுக்குமேல் அங்கே ஆஸ்துமா சுருட்டாக விற்றது. ஊமத்தையில் இருப்பது அட்ரோபின் இனத்து நஞ்சு. அளவு தப்பினால் பிதற்றலும் மரணமும் வரும். யாரும் அதைக் கையால் தொட வேண்டாம். அட்ரோபினை மாற்றியமைத்து உருவாக்கிய இப்ராட்ரோபியம் இன்று நெபுலைசரில் சால்புட்டமாலோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. கடுமையான இழுப்பில் இரண்டும் சேர்ந்து, ஒன்று தனியாகச் செய்வதைவிட அதிகம் செய்கின்றன. அதன் இனத்தைச் சேர்ந்த டியோட்ரோபியம் ஒரு நாள் முழுவதும் நிற்கும். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத இழுப்புக்கு அதைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

மூன்றாவது, தேயிலையில் கண்டெடுத்த தியோஃபிலின். ஜெர்மானியரான கோசெல் 1888இல் அதைப் பிரித்தார். கடுங்காப்பி குடித்தால் இழுப்பு கொஞ்சம் தணிகிறது என்று ஹைட் சால்ட்டர் என்ற ஆங்கில மருத்துவர் 1860இலேயே எழுதியிருந்தார். காப்பியில் உள்ள காஃபீனும் இதே குடும்பம்தான். நம் ஊரில் டெரிஃபிலின் என்ற பெயரில் இந்த வகை மாத்திரையை அறியாதவர் குறைவு. இதில் ஒரு சங்கடம். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. வாந்தி, படபடப்பு, அளவு மிஞ்சினால் வலிப்பும் வரும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில மருந்துகளோடு சேரும்போது இரத்தத்தில் அதன் அளவு தானாக ஏறும். ஆகவே மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடியதல்ல.

இந்த மூன்று வகையும் செய்வது ஒரே வேலை: இறுகிய தசையைத் தளர்த்துவது. உள்ளே இருக்கும் வீக்கத்தை இவை ஆற்றுவதில்லை.

வீக்கத்தை ஆற்றும் மருந்து

1948இல் அமெரிக்காவில் ஹெஞ்ச் என்ற மருத்துவர் மூட்டுவாத நோயாளிக்கு கார்டிசோன் கொடுத்தார். படுத்துக் கிடந்தவர் எழுந்து நடந்தார். 1950இல் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்து ஆஸ்துமாவின் வீக்கத்தையும் ஆற்றியது. ஆனால் மாத்திரையாக நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது. 'ஸ்டீராய்டு' என்ற சொல்லைக் கேட்டாலே தாய்மார் பயப்படுவது இதனால்தான். பந்தய வீரர்கள் திருட்டுத்தனமாகப் போடும் ஸ்டீராய்டு வேறு இனம். அந்தக் கெட்ட பெயரும் இதன்மேல் விழுந்தது.

1972இல் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலராக வந்தது. பின்பு புடசோனைடு வந்தது. இவை என்ன செய்கின்றன? மூச்சுக்குழாய்ச் சுவரின் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் உட்கருவில் வீக்கத்துக்குக் கட்டளையிடும் மரபணுக்களை அடக்குகின்றன. இது ஐந்து நிமிட வேலை அல்ல. சில நாட்களில் பலன் தெரியத் தொடங்கி, சில வாரங்களில் நன்றாகத் தெரியும். எனவேதான் இழுத்தவுடன் ஒன்றும் தெரிவதில்லை. தெரியாதது மருந்தின் குறையல்ல.

இங்கேயும் கணக்கைப் பாருங்கள். கடுமையான இழுப்புக்குக் கொடுக்கும் பிரட்னிசோலோன் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். தினமும் இழுக்கும் புடசோனைடு 200 மைக்ரோகிராம் என்றால், அதில் இருநூற்றில் ஒரு பங்கு. சிறிய அளவைத் தினமும் எடுக்கப் பயந்து நிறுத்துகிறவர், கடைசியில் பெரிய அளவை மாத்திரையாகவும் ஊசியாகவும் எடுக்க நேருகிறது. இன்ஹேலர் ஸ்டீராய்டுக்கும் தொல்லை உண்டு: வாயில் வெண்படலம், குரல் கம்முதல். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது.

ஒன்றை மட்டும் நம்பினால்

நண்பர்களே, இனி நாங்கள் சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். 1960களில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று ஏறின. அப்போது ஐசோப்ரினலின் என்ற நிவாரணி, அதிக வீரியமுள்ள இன்ஹேலராக விற்கப்பட்டது. 1976இல் ஃபெனோடெரால் என்ற வேறொரு நிவாரணி நியூசிலாந்தில் வந்தது. மரணங்கள் மறுபடியும் ஏறின. 1989இல் ஆய்வாளர்கள் அதைச் சுட்டிக்காட்ட, அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது, மரணங்கள் குறைந்தன. 2014இல் பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். நிவாரணி எத்தனை வாங்கினார்கள் என்ற கணக்கு கிடைத்த 165 பேரில் 65 பேர், கடைசி ஓர் ஆண்டில் பன்னிரண்டுக்கும் அதிகமான நிவாரணி இன்ஹேலர்களைப் பெற்றிருந்தார்கள். ஒன்றில் 200 அழுத்தல் என்றால் தினமும் ஆறுக்கு மேல்.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்து மருந்துப் பதிவுகளை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. ஓர் ஆண்டில் ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒன்று கூடுதலாகப் பயன்படுத்தும்போதெல்லாம் ஆஸ்துமாவால் இறக்கும் விகிதம் 21 சதவீதம் குறைந்தது.

நிவாரணி நம்மை ஏமாற்றுவதில்லை. அது தன் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது தரும் சுகத்தில், உள்ளே வீக்கம் வளர்வது தெரியாமல் போகிறது. அடிக்கடி எடுக்க எடுக்க அதன் பலனும் குறைந்துவருகிறது. ஒரு நாள் இரவில் குழாய் வீங்கிக் கோழையால் அடைத்துக்கொள்ளும்போது, தளர்த்துவதற்குத் தசை மட்டும் அங்கே பிரச்சினையாக இல்லை. அப்போது எத்தனை முறை அழுத்தினாலும் போதாது.

1990இல் சால்மெடரால் என்ற, பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் தளர்த்தி வந்தபோதும் இதே பாடம் மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. 2003இல் அமெரிக்காவில் அதைப் பற்றிய பெரிய ஆய்வு, மரணங்கள் கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டது. ஸ்டீராய்டு இல்லாமல் அந்த வகை மருந்தை ஆஸ்துமாவுக்குத் தனியே கொடுக்கக் கூடாது என்பது இன்று உறுதியான விதி. ஒரே இன்ஹேலரில் இரண்டையும் சேர்த்துத் தருவது அதனால்தான்.

அந்தக் கலவைகளில் ஒன்று புடசோனைடும் ஃபார்மோடெராலும். ஃபார்மோடெரால் நெடுநேரம் நிற்கும். அதோடு சால்புட்டமாலைப்போல விரைவாகவும் திறக்கும். லேசான இழுப்பு உள்ளவர்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், தேவைப்படும்போது வெறும் நிவாரணியை எடுத்தவர்களைவிட, தேவைப்படும்போது இந்தக் கலவையை எடுத்தவர்களுக்குக் கடும் இழுப்பு 64 சதவீதம் குறைவாக வந்தது. 2019இல் 'ஜினா' எனப்படும் உலக ஆஸ்துமா அமைப்பு, பெரியவர்களுக்கும் பருவ வயதினருக்கும் சால்புட்டமாலை மட்டும் கொடுத்து ஆஸ்துமாவுக்கு வைத்தியம் செய்வதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. ஐம்பது ஆண்டுப் பழக்கம் மாறியது. ஆகவே "எது முக்கியம்?" என்று கேட்கிறவரை மருத்துவரிடம் திரும்ப அனுப்புகிறோம். "ரெண்டு வாங்க முடியாதுன்னு அவரிடமே சொல்லுங்க" என்கிறோம். ஒரே இன்ஹேலரில் இரண்டு வேலையும் நடக்க இப்போது வழி இருக்கிறது.

வேறு சில மருந்துகள்

ரோஜர் அல்டூன்யன் என்ற மருத்துவருக்கே ஆஸ்துமா இருந்தது. கினிப் பன்றி மயிரின் சாற்றை மூச்சில் இழுத்துத் தனக்குத்தானே இழுப்பை வருவித்துக்கொண்டு, ஒவ்வொரு மருந்தாகச் சோதித்தார். 1965இல் கண்ட குரோமோகிளைகேட் அந்தப் பாடுகளின் பலன். ஒவ்வாமைப் பொருட்களைக் கொட்டும் உயிரணுக்கள் வெடிக்காமல் அது தடுக்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் அதைவிட நன்றாக வேலை செய்வதால் இன்று அதன் பயன்பாடு குறைவு.

லூகோட்ரையீன் என்பது மூச்சுக்குழாயை இறுக்கி வீங்கவைக்கும், நம் உடலே சுரக்கும் பொருள். அதைத் தடுப்பது மாண்டிலுகாஸ்ட் மாத்திரை. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஸ்டீராய்டு இன்ஹேலர் அளவுக்கு வலுவில்லை. சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையாக எச்சரித்தது. பிள்ளையின் குணம் திடீரென்று மாறினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

2003 முதல் ஊசி மருந்துகள் சில வந்துள்ளன. ஒமலிசுமாப் என்பது ஒவ்வாமையை மூட்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்கிறது. 2015இல் வந்த மெப்போலிசுமாப் வேறொரு வழியை அடைக்கிறது. விலை மிக அதிகம். வேறெதற்கும் கட்டுப்படாத சிலருக்கே இவை தேவை. மற்ற மிகப் பலருக்குத் தேவை சாதாரண ஸ்டீராய்டு இன்ஹேலரும் அதைச் சரியாக இழுக்கும் முறையும்தான்.

இழுக்கும் முறை

மருந்து தொண்டையில் படிந்தால் பயனில்லை. இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து வரை எண்ணும் நேரம் மூச்சை அடக்க வேண்டும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இது கடினம். அவர்களுக்கு ஸ்பேசர் என்ற குழல் வேண்டும். வாங்க இயலாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் குழந்தைகளிடம் செய்து 1999இல் வெளியான ஆய்வில், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் நுழையும் அளவு துளையிட்டு, ஓரத்தைக் காற்றுப் போகாமல் பசையால் அடைத்தபோது, கடை ஸ்பேசருக்கு ஈடாக அது வேலை செய்தது.

இன்னும் ஒரு வார்த்தை

போதகர்களாகிய நாங்கள் சொல்லியே ஆக வேண்டிய காரியம் ஒன்று உண்டு. சில கூட்டங்களில் ஜெபித்தபின் "சுகமாயிற்று, மருந்தை எறிந்துவிடுங்கள்" என்று சொல்லப்படுகிறது. எறிந்தவர் இரண்டு வாரம் நன்றாகவே இருப்பார். தடுப்பு மருந்தின் பலன் நிறுத்தியவுடன் போவதில்லை, கொஞ்சங்கொஞ்சமாகத்தான் போகும். அந்த இரண்டு வாரத்தைச் சாட்சியாகச் சொன்னவரை, அடுத்த மாதம் எங்கள் அவசரப் பிரிவில் பார்க்கிறோம். ஜெபிக்கிற நாங்கள் தெளிவாகச் சொல்கிறோம்: தினமும் மருந்து எடுப்பது அவிசுவாசம் அல்ல. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் நெஞ்சைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பயந்து மகளின் இன்ஹேலரை ஒளித்துவைக்கும் பெற்றோருக்கும் இதையே சொல்கிறோம்.

வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். இழுப்பு உள்ளவரின் நிவாரணி இன்ஹேலரில் அதைத் திறந்த தேதியை எழுதிவையுங்கள். ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிவாரணி எடுத்தும் மூன்று மணி நேரம்கூடச் சுகம் நிற்காவிட்டால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். வரும் வழியிலும் ஸ்பேசர் வைத்து நிவாரணி கொடுத்துக்கொண்டே வாருங்கள். எங்கள் வாசல் இரவிலும் திறந்திருக்கும்.